வேலி தாண்டக் கூடாத செடி

"இது என்ன செடி?"

சில்வெஸ்டர் கேட்டது ரோசரியிடம். அவள் ரப்பர் பால் வாளிக்குள்ளிருந்து ஒரு பழைய பால் டின்னை எடுத்து நீட்டியிருந்தாள். டின்னில் தடித்தடியாய் இலை விட்ட ஒரு செடி.

"பேரு தெரியாது."

ஒரு வருஷமாகத் தோட்டத்து முள்வேலி வாசலில் அவனுக்குக் காவல். விடிந்ததும் பால் வெட்டப் போகிறவர்களிடம், "என்ன கொண்டு போற?" என்று கேட்பது வேலை. ரோசரியிடமும் அதையேதான் கேட்பான். அவளும் ஒன்றுமில்லை என்று போய்விடுவாள். மலையளவு ஆசையை மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்குமேல் ஒரு வார்த்தை பேசத் துணிவில்லை மனுஷனுக்கு. தோளில் துப்பாக்கி வேறு! நாளைக்கு அவனை ஜெராம் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றுகிறார்கள்; தோட்டம் முழுக்கத் தெரிந்த சேதி.

"யாருக்குக் கொண்டு போற?"

"வேண்டியவங்களுக்கு."

சில்வெஸ்டருக்கு வயிறு பற்றி எரிந்தது. அப்படியென்றால் வேலிக்கு வெளியே எவனோ ஒருவன் இருக்கிறான்.

தின்கிற சாமான் ஒரு பிடிகூட வேலி தாண்டக் கூடாது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று சர்க்கார் போட்ட சட்டம். இது மட்டும் தின்கிற செடியாக இருந்துவிட்டால்? மாதாவே, இருந்துவிட வேண்டும்!

வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். கற்றாழை என்றார் காளியண்ணன். கற்றாழை என்றால் முள் எங்கே போச்சு என்று மடக்கினாள் நல்லம்மாள். அவள் கணக்கில் அது கொழுத்துப்போன பருப்புக்கீரை. நேரமாகிறது என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பின்னாலிருந்து கத்தினார்.

சில்வெஸ்டர் ஒரு இலையைக் கிள்ளிக் கடித்தான். பல் கூசியது.

"புளிக்குது! மீன் கொழம்புக்கு ஆகும். சாப்பாட்டுச் சாமான், வெளிய போவாது."

ரோசரி தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். அழுகிறாள் போலிருக்கிறது.

காவல் கொட்டகைப் பலகையில் செடி, எதிரே இவன். வெயில் ஏறுவதற்குள் ஜெயித்த சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. போகிற நாளிலா ஒரு பெண்ணை அழவைப்பாய், பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

மத்தியானம் எல்லாரும் திரும்பி வந்தார்கள். நல்லம்மாள் முதல் காரியமாக ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டாள்.

"புளிப்பாவது, மண்ணாங்கட்டியாவது! சப்புன்னு இருக்குலா!"

அவனும் கடித்துப் பார்த்தான். பொட்டுப் புளிப்பு இல்லை. காலையில் புளித்து, வெயில் ஏறினால் சப்பென்று ஆகிவிடுகிற இலை அது. பட்டாளத்து மிடுக்கோடு நிற்கிறவனுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது.

குழம்புக்கு ஆகாத செடியைப் பிடித்துவைக்க அவனுக்கு அதிகாரம் கிடையாது. டின்னை ரோசரியிடம் நீட்டினான்.

"எடுத்துக்க. வேண்டியவங்ககிட்டக் குடுத்துடு."

ரோசரி கையை நீட்டவில்லை. காலையில் போலவே தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்; அவனைப் பார்த்த கண்ணில் சிரிப்பு.

"காலையிலயே குடுத்தாச்சுலா" என்றாள்.