நாற்பத்தொன்றாவது ஆள்

“மார்ச் 9. இன்றும் எண்ணிக்கை பிசகிவிட்டது. என் தவறுதான்.” அருங்காட்சியக வாசலில் தலை எண்ணும் பெண், வேலை முடிந்து படிக்கப் போகும் மாலை வகுப்பில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதினாள். அருங்காட்சியகமாக மாறிய அந்தப் பழைய நூற்பாலைக்குள் அன்று வந்தவர்கள் நாற்பது பேர். வெளியே போனவர்கள் நாற்பத்தொருவர்.

“பத்து நாளா ஒண்ணு கூடுதும்மா. கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? நாளைக்கும் தப்பாச்சுன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்,” என்றிருந்தார் மேலாளர்.

ஆலை வெடிவிபத்தில் இறந்த பதினொருவரின் புகைப்படம் உள்சுவரில் இருந்தது. நாளுக்கு ஒருவராகக் குறைந்து, இன்று அதில் அவளுடைய அப்பா மட்டும் வெறுங்காலோடு நின்றார். ஆலைக்குள் செருப்புக்கு அனுமதியில்லை. வெடிவிபத்து நடந்த அன்று வீடு திரும்பியது, வெளிவாசலில் அவர் கழற்றி விட்டிருந்த செருப்பு மட்டும்தான்.

அவள் தொடர்ந்து எழுதினாள்: “நாளையும் பிசகும். வேலை போனால் போகட்டும். காலையில் அப்பாவின் செருப்பைத் துடைத்து வெளிவாசலில் வைக்க வேண்டும்.”