அஷீல் வீட்டுத் தண்ணீர்

"இந்த வீட்டுக்குள்ள ஒரு பிளம்பர் கால் வச்சதில்லை, மேடம். என் அப்பா காலத்துலயும் இல்லை, என் காலத்துலயும் இல்லை" என்றார் அஷீல், நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தபடி.

"அப்படியா?" என்றார் லுட்கார்ட், சிப்பி ஓட்டைத் தட்டில் வைத்துவிட்டு.

அஷீலின் மகள் எல்கேயும் லுட்கார்டின் மகன் யோரிஸும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள். பெரியவர்கள் சந்தித்துக்கொள்ள ஏற்பாடான ஞாயிறு விருந்து இது. இளசுகள் இரண்டு பேரும் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்தில் புறாக்கூட்டைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

சம்பந்தி அம்மாள் சொந்தத் தொழில் நடத்துகிறார், அவருக்குக் கீழே ஆட்கள் வேலை பார்க்கிறார்கள் என்று எல்கே சொன்னதே அஷீலுக்குப் போதுமாக இருந்தது. இப்போது அந்த முத்து மாலையையும் அளவான பேச்சையும் பார்த்தபின், நல்ல குடும்பம்தான் என்று முடிவு கட்டிவிட்டார். தம் குடும்பமும் அதற்குக் குறைந்ததில்லை என்று தெரியவேண்டும். கோர்ட்ரைக் ஊரில் அவர் குடும்பத்தின் பேரில் இன்றுவரை ஒரு கறை கிடையாது.

"அந்த ஃபிரிட்ஜ்கூட இவர் மாட்டினதுதான்" என்றாள் அவர் மனைவி இர்மா. "கதவுலயே தண்ணி வரும், ஐஸ் வரும். வெள்ளிக்கிழமை முழுக்கத் தரையில படுத்துக் கிடந்தார். தூக்கி நிறுத்தத்தான் ஆள் தேவைப்பட்டுச்சு."

"தண்ணி எந்தக் குழாய்லேர்ந்து எடுத்தீங்க?" என்று கேட்டார் லுட்கார்ட்.

"பக்கத்துலயே வாஷிங் மெஷின் குழாய் இருக்கே, மேடம். அதுலேர்ந்து ஒரு கிளை எடுத்துட்டேன். சுவரை உடைக்கல, ஒண்ணும்..."



வாஷிங் மெஷின் குழாய்!

போன இலையுதிர் காலத்தில், தெருவில் எல்லோரையும் போல அவரும் தோட்டத்தில் மழைநீர்த் தொட்டி புதைத்தார். துணி துவைக்கவும் கழிப்பறைக்கும் மழைத்தண்ணீர், குடிக்க மட்டும் நகரத் தண்ணீர். வாஷிங் மெஷின் குழாயை மழைத்தொட்டிக்கு மாற்றியவரே அவர்தான். அது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

மழைத்தண்ணீர் கூரையிலிருந்து வருகிறது. அந்தக் கூரையில்தான் அவருடைய பந்தயப் புறாக்கள் அத்தனையும் உட்காருகின்றன.

அடுப்படியில் ஃபிரிட்ஜ் 'கடகட'வென்று ஜக்குக்குள் ஐஸைக் கொட்டியது. இர்மா எழுந்துபோனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"இர்மா, ஐஸ் வேண்டாம்! சிப்பி சாப்பிட்டு ஐஸ் குடிச்சா வயித்துக்கு ஆகாது."

"இது என்ன புதுக் கதை? பீருக்கே ஐஸ் கேக்கிற ஆளு நீ!"

அஷீல் விருந்தாளி பக்கம் திரும்பினார். "மேடம், கீழே நிலவறையில நல்ல பீர் இருக்கு. கொண்டு வரட்டுமா?"

"கார் ஓட்டணுமே. தண்ணியே போதும். சிப்பியில உப்பு தூக்கலா இருக்கு, தாகம் எடுக்குது."

"அப்ப பாட்டில் தண்ணி..."

"பாட்டிலா?" இர்மா உள்ளேயிருந்து சிரித்தாள். "இனிமே இந்த வீட்டுக்குள்ள பாட்டில் தண்ணி வரக் கூடாதுன்னு உத்தரவு போட்டது யாரு?"

அவர் எழுந்து அடுப்படிக்குள் போனார். இர்மாவின் காதருகே குனிந்தார்.

"அதை ஊத்தாதே. சிங்க் குழாய்ல பிடிச்சுக் குடு."

"ஏன்?"

 

"சொன்னா கேளேன்!"

"புது ஃபிரிட்ஜை வச்சுக்கிட்டு, வந்தவங்களுக்குப் பாத்திரம் கழுவுற குழாய்ல பிடிச்சா குடுப்பாங்க? தள்ளு."

மேஜையில் ஜக்கு வந்து உட்கார்ந்தது. அஷீல் ரொட்டிக்குக் கை நீட்டுவதுபோல் நீட்டி அதை இடித்துத் தள்ளினார். மேஜை விரிப்பு நனைந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"மன்னிக்கணும் மேடம். வயசாச்சு, கை நடுங்குது" என்றார்.  

"பரவாயில்லை" என்று இர்மா மறுபடி ஜக்கை நிரப்பிக்கொண்டு வந்தாள். லுட்கார்டின் கண்ணாடிக் கோப்பை விளிம்புவரை நிறைந்தது. ஐஸ் கட்டிகள் பளிச்சென்று மிதந்தன. பார்வைக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

லுட்கார்ட் கோப்பையை எடுத்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பேர் தப்பிக்கும். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் வீடு தேடி வந்தவருக்குத் தெரிந்தே அழுக்குத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, அந்தப் பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அஷீல் எழுந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றார்.

"குடிக்காதீங்க மேடம். அது மழைத்தண்ணி. என் புறாக்கள் உக்கார்ற கூரையிலேர்ந்து வர்றது. நான்தான் தப்பான குழாய்ல இணைச்சுட்டேன். கல்யாணத்தைப் பத்தி நீங்க என்ன முடிவு எடுத்தாலும், தப்பு என்மேலதான். என் பொண்ணு மேல இல்லை."

 லுட்கார்ட் கோப்பையை வாயில் வைத்து, கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தார்.

"நல்ல தண்ணிதான்" என்றார். "நேத்து நீங்க புறாக் கிளப்புக்குக் கிளம்பினதும் அந்த இணைப்பை நான் மாத்திட்டேன்."

அஷீல் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். இர்மா நனைந்த விரிப்பின் மடிப்பை மிகுந்த அக்கறையுடன் நீவிக்கொண்டிருந்தாள்.

"வருஷக்கணக்கா உங்க வீட்டு பிளம்பர் நான்தான், சம்பந்தி" என்றார் லுட்கார்ட். "எப்பவும் பின்வாசல் வழியாத்தான் வருவேன். முன்வாசல் வழியா வந்தது இன்னைக்குத்தான்."