ஒரு சார்ஜரும் ஆறு எண்களும்

போனில் மூன்று சதவீதம் ஏறியதும் அவர் வயரைப் பிடுங்கி லேப்டாப்பில் செருகினார்.

லேப்டாப் உடனே விழிக்கவில்லை. அதற்கும் ஒரு கௌரவம் உண்டு.

மகள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பட்டுத் தாவணி கசங்குவது அவளுக்குத் தெரியவில்லை. சுற்றிலும் சீர்ப் பாத்திரங்கள். தென்காசியில் அந்தக் கல்யாண மண்டபம் முழுக்கத் தேடி, யாரும் பிடிக்காத ப்ளக் பாயின்ட் இந்த அறையில்தான் கிடைத்தது.

மணி பதினொன்று நாற்பது.

பன்னிரண்டுக்குள் கல்லூரி இடத்தை இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும். மாட்டு டாக்டர் ஆவேன் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவள். காலையில்தான் இடம் கிடைத்த செய்தி வந்தது.

ரெண்டுக்கும் ஒரே சார்ஜர் போதும் என்று கடைக்காரர் சொன்னபோது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று மகிழ்ந்தவர் அவர்தான்.

நேற்று ராத்திரி, மகளுக்கு வேண்டியிருக்கும் என்று அவர் போனைச் சார்ஜில் போடவில்லை. அப்பாவுக்கு வேண்டியிருக்கும் என்று அவள் லேப்டாப்பைப் போடவில்லை.

விடியும்வரை சார்ஜர் சுவரில் சும்மா தொங்கியது.

வெளியே ஐந்நூறு பேர் இருந்தார்கள். கேட்டால் யாராவது இன்னொன்று கொடுப்பார்கள். ஆனால் கேட்கப் போனால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். பிறகு, அண்ணன்கூடப் பேசியாச்சா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு சுவர் விஷயமாக அண்ணனும் அவரும் பேச்சை விட்டு ஆறு வருடம்.

லேப்டாப் விழித்தது. மகள் எதையோ அழுத்தினாள். போனுக்கு வரும் ஆறு எண் ஓடிபியை இடு என்றது திரை.

அந்த அறைக்குள் மண்டபத்து வைஃபை வந்தது. போனுக்கு டவர் வரவில்லை.

அவர் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

இரண்டு சதவீதம். பன்னீர்ச் செம்பைத் தாண்டும்போது ஒன்று.

எண்கள் வந்தன. ஒருமுறை படித்தார். இன்னொருமுறை படித்தார். மூன்றாம் முறை படிக்கும்போது திரை இருண்டது.

சட்டைப் பையில் பேனா இல்லை. கல்யாணத்துக்குப் பேனாவோடு வருகிறவர் மொய் எழுதுகிறவர் மட்டும்தான்.

நான்கு, சைபர், ஏழு, ஒன்று, ஒன்பது, மூன்று.

தன் கல்யாண நாளையே வருடா வருடம் மறக்கிற மனிதர், ஆறு எண்களை வாயில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார்.

யாரோ கும்பிட்டார்கள். தலையை மட்டும் ஆட்டினார். ஒரு சித்தி கையைப் பிடித்து நிறுத்தி, வாயில் என்ன கொழுக்கட்டையா என்றாள். கையை உருவிக்கொண்டார்.

நான்கு, சைபர், ஏழு.

நடு வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் துண்டு போட்டு யாருக்கோ இடம் பிடித்து வைத்திருந்தார்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"வாடே. எப்பம் வந்த?"

ஆறு வருடத்துக்குப் பிறகு.

அவருக்குக் கால் நின்றது. வாயைத் திறந்தால் எண்கள் போய்விடும். மகள் சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவில் காத்திருந்தாள்.

ஒன்று, ஒன்பது, மூன்று.

அவர் நடந்தார்.

பாதி தூக்கியிருந்த கையை அண்ணன் மடியில் இறக்கிக்கொண்டதைக் கடைக்கண்ணால் பார்க்க நேர்ந்தது.

அறைக் கதவைச் சாத்திவிட்டு எண்களைச் சொன்னார். ஒவ்வொன்றாக, கண்ணை மூடிக்கொண்டு. மகள் அடித்தாள். வட்டம் ஒன்று சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

பிறகு பச்சை நிறத்தில் ஒரு வரி.

மகள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள், அல்லது அழுதாள். அவர் ஒரு பித்தளைக் குடத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். போன உயிர் வந்துவிட்டது. காலையிலிருந்து ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது.

பிறகு அந்த "வாடே" நினைவுக்கு வந்தது.

எழுந்தார். திரும்பக் கூட்டத்துக்குள் போனார். அண்ணன் அதே இடத்தில்தான் இருந்தார், முகத்தை மேடைப் பக்கம் வைத்துக்கொண்டு. துண்டும் அப்படியே கிடந்தது.

முன்னால் போய் நின்றார். சொல்ல எவ்வளவோ இருந்தது. காரணம் சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், பிள்ளைக்கு இடம் கிடைத்ததைச் சொல்ல வேண்டும்.

வாயைத் திறந்தார்.

"நாலு, சைபர், ஏழு..."

கையிலிருந்த செத்த போனைத் தூக்கிக் காட்டினார்.

அண்ணன் போனைப் பார்த்தார். தம்பி முகத்தைப் பார்த்தார். அவர் தோளுக்குப் பின்னால், கையில் சார்ஜரோடு கண்ணைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டு வருகிற பெண்ணையும் பார்த்தார்.

"ஓடிபிய யார்ட்டயும் சொல்லப்பிடாதுல்லாடே."

சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.