சீரான துடிப்பு

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் அந்தத் தாயின் முகம் மலர்ந்தது.

"என் பெரியவன் இன்னும் துடிச்சுக்கிட்டே இருக்கான் மேடம்!"

தூக்கத்திலேயே இதயம் தாளம் தப்பி இறந்தவன் அவன். உயிரோடு இருந்தபோது அவன் கொடுத்த ரத்தத்திலிருந்து பேராசிரியை இதயச் செல்களை வளர்த்திருந்தார். அதைப் பார்க்க மாதா மாதம் வந்துவிடுவாள் தாய்.

"முன்னே விட்டு விட்டுத் துடிக்கும். இப்ப கடிகாரம் மாதிரி அடிக்குதே! மருந்து ஊத்திப் பார்க்கிறோம்னீங்களே, கேட்டுடுச்சு போல."

"ம்…" என்றார் பேராசிரியை.

தாய் கதவை நோக்கி நடந்ததும் ஆய்வு மாணவி கிசுகிசுத்தாள்.

"அந்தப் பையனோட செல் எப்பவோ செத்துப்போச்சு. இது உங்க ரத்தத்துல வளர்த்த செல் மேடம். எத்தனை நாளைக்கு இந்த நாடகம்?"

"பெத்த வயிறும்மா. பார்த்துட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?"

வாசலில் தாய் திரும்பினாள்.

"சின்னவனுக்கும் அதே நோய்தானே மேடம். நெஞ்சுல கருவி வைக்கணும்னாங்க. அதான் மருந்து வரப்போகுதே, ஆபரேஷனே வேண்டாம்னுட்டேன். அவனுக்கும் பயம் விட்டுப்போச்சு. காலையில எழுப்பிப் பார்த்தேன், அசையவே இல்ல. நிம்மதியாத் தூங்கட்டும்னு விட்டுட்டு வந்தேன்."