கூக்கால் போன சுல்தான்

கிளிக்கூண்டத் தூக்கி, அந்தப் பொண்ணு சுகன்யா கையில புருஷன் ஒலியுல்லா குடுத்த குடுப்பப் பாத்து மதீனா பீவிக்கு ஆத்தாம தாங்கல.

பதினோரு வருஷம் வளத்த கிளி. பழநியில அவ பொறந்த வீட்லருந்து கொண்டாந்தது. பேரு சுல்தான். கொடைக்கானல் பஜார்ல அவுக வச்சிருக்குற தைலக்கடைக்கு யாரு வந்தாலும் "போணி ஆச்சா?"ன்னு கேக்கும். இந்த மலையில சுவெட்டர் இல்லாத மனுசன்கூட இருப்பான், ராத்திரி கூண்டு மேல கம்பளி போத்தாம சுல்தான் ஒருநா தூங்குனதில்ல.

சுகன்யாவையும் சும்மா குத்தம் சொல்லிற முடியாது. காஞ்ச மரத்தையெல்லாம் வெறகுக்கு வெட்டிப்புட்டாங்க. குஞ்சு பொரிக்கப் பொந்தில்லாம அலையுற காட்டுக்கிளிகளுக்கு, பலகையில பெட்டி அடிச்சு மரம் மரமா ஏறிக் கட்டுற பிள்ள அது. கிளிய வீட்ல அடைச்சு வைக்கிறது சட்டப்படி தப்புன்னு பொறுமையாத்தான் சொன்னா. வனத்துறையில ஒப்படைச்சா இன்னொரு கூண்டுக்குத்தான் போகும், நானே கூக்கால் ஊருப் பக்கம் சோலைக்காட்டுல பறக்க விட்டுர்றேன்னும் சொன்னா.

ஒலியுல்லா கூண்டத் தூக்கிக் குடுத்துட்டாரு. அன்னைக்குச் சாயந்தரமே அவ கொண்டு போயி விட்டுட்டா.

மறுநா வெள்ளனே, முத பஸ்ஸுல அவரு கூக்காலுக்குப் போனாரு. மத்தியானம் வந்தவரு, சுல்தான் எட்டுப் பத்துக் கிளியோட சேந்து கும்மாளம் போட்டுத் திரியுறான்னு சொன்னாரு.

"உங்களப் பாத்து எறங்கி வரலையா?"

"அவன் எதுக்கு வாரான்? அதான் காடு கெடச்சிருச்சுல்ல."

அதோட சோலி முடிஞ்ச மாதிரி தைலப் பாட்டிலத் தொடைக்க உக்காந்துட்டாரு. மதீனா ரெண்டு நா அழுதா. மூணாம் நா, கிளிய விட்டுட்டுப் புருஷன வைய ஆரம்பிச்சா.

ஒரு வாரம் கழிச்சு சுகன்யா வந்தா. மொகமே சரியில்ல. கீழ்நாட்டுக் கிளி தை மாசத்து மலைப்பனியத் தாங்காதுன்னு யாரோ சொல்லிட்டாங்களாம். சுல்தான் பொழச்சிருக்கா, போயிப் பாத்தீங்களான்னு கேட்டா.

ஒலியுல்லா அதே கதைய, இன்னும் ரெண்டு கிளி கூடச் சேத்துச் சொன்னாரு. ஆனா எல்லாக் கிளியும் சுல்தான் மாதிரி கெட்டி கெடையாது, இனி எது கெடச்சாலும் நீயா விடாத, வனத்துறைக்காரங்ககிட்டயே குடுத்துருன்னு திருப்பித் திருப்பிச் சொன்னாரு. பெட்டி அடிக்கன்னு கடையில கெடந்த பலகையையும் எடுத்துக் குடுத்தாரு. பிள்ள சிரிச்ச மொகமாப் போச்சு.

மதீனாவுக்குப் பொறுக்கல. இது மனுசனா, மரக்கட்டையா? வெள்ளிக்கிழம காலையில பச்ச மொளகாயும் வேர்க்கடலையும் ஒரு பையில கட்டிக்கிட்டு, சொல்லாமக் கொள்ளாம பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தா. கூக்கால்லருந்து வந்த பஸ் திரும்பிப் போக நின்னுக்கிட்டிருந்துச்சு. படியில கால வைக்கப் போறா, கடையத் தெறந்து போட்டுட்டு ஒலியுல்லா ஓடியாந்தாரு.

"மதீனா, ஏறாத."

"எம்புள்ளய நான் பாக்கணும்."

"அங்க இல்ல."

"எங்க பறந்துருச்சு?"

அவரு பஸ்ஸு டயரப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

"நான் போன அன்னைக்கே வெறச்சுக் கெடந்தான் மதீனா. புல்லெல்லாம் வெள்ள வெளேர்னு பனி. எஞ்சட்டைக்குள்ள வச்சு ரொம்ப நேரம் உக்காந்து பாத்தேன். அப்பறம் நாந்தான் பொதச்சேன்."

மதீனா கம்பியப் புடிச்சுக்கிட்டா.

"எங்கிட்டச் சொல்லாட்டிப் போகுது. செஞ்ச அவகிட்ட எதுக்குப் பொய்யி?"

"தெரிஞ்சா அந்தப் பிள்ள இன்னொரு மரம் ஏறாது. பொந்தில்லாத கிளிக்கு அவள விட்டா யாரு இருக்கா?"

அதெல்லாம் முடியாது, அவ மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்த கேட்டாத்தான் எம்மனசு ஆறும்னு மதீனா சொல்லிக்கிட்டிருக்கும்போதே, பின்னாலருந்து "பாயம்மா"ன்னு சத்தம்.

சுகன்யாதான். தோள்ல ரெண்டு மரப்பெட்டி, கையில கயிறு. கூக்கால் பஸ்ஸுக்கு வந்திருக்கா. பஸ் படிகிட்ட மதீனாவப் பாத்ததும், அதுலருந்து எறங்கி நிக்கிறதா நெனச்சுட்டா.

"சுல்தானப் பாத்துட்டு வாரீங்களா?"

கேட்ட வாயி சிரிச்சுச்சு. கண்ணு சிரிக்கல.

மதீனா புருஷனப் பாத்தா. கண்டக்டர் விசில் ஊதுனாரு.

"பாத்தேன் தாயி. அத்தன கிளி. அதுல நம்ம சுல்தான் எதுன்னே தெரியல."