கொழுந்தன் என்கிற பெயர்

மேடையில் இரண்டு பேராசிரியர்கள் ஒரு பெயரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

பெயர், ‘கொழுந்தன்’. அதற்குச் சொந்தக்காரரான எழுத்தாளர் இராமையா கழுத்து நிறைய மாலையோடு நடுவில் அமர்ந்திருந்தார். ஹட்டன் மண்டபத்தில் அவருக்கு எழுபதாவது பிறந்தநாள் விழா.

முன்வரிசையில், குடும்பத்தாருக்கென்று போட்ட நாற்காலியில் பூரணி. பொகவந்தலாவையிலிருந்து பஸ்ஸில் வந்த தலைசுற்றல் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

தேயிலைக் கொழுந்து பெற்ற பிள்ளை, ஆகவே கொழுந்தன் என்றார் முதலாமவர். இல்லவே இல்லை, அது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து இருட்டில் எரிந்த தீக்கொழுந்து என்றார் மற்றவர். ஒன்றில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து: புருஷனின் தம்பி என்ற சாதாரண அர்த்தத்துக்கு இங்கே வேலையே இல்லை.

பூரணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மைக் இராமையாவிடம் போனது.

“அது பத்திரிகைக்காரங்க வச்ச பேருங்க. மொதக் கதைய நான் அனுப்பவே இல்ல. தோட்டத்துத் தொரையப் பத்தி எழுதிட்டு, பயந்துபோயி அடுப்புல போடச் சொல்லிட்டேன். எந்தக் களவாணி எடுத்து அனுப்புனான்னு நாப்பது வருசமா தேடுறேன்.”

மண்டபம் சிரித்தது. அறிவிப்பாளர் லோஜினி அதே கலகலப்பில் கீழே இறங்கி, மைக்கைப் பூரணியிடம் நீட்டினாள்.

“நீங்க ஐயாவுக்கு என்ன முறைம்மா?”

பூரணி எழுந்து நின்றாள். சொந்தக்காரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம்.

“எங்க வீட்டுக்காரரோட தம்பி. எனக்குக் கொழுந்தன்.”

கைதட்டல் கூரையைத் தொட்டது. நல்ல பகிடி என்று பேராசிரியர்களும் தட்டினார்கள்.

இராமையா மட்டும் தட்டவில்லை.

கொழும்புப் பத்திரிகைக்குப் போன அந்தக் கதையோடு ஒரு துண்டுத் தாளும் போயிருந்தது. ‘எழுதினது கொழுந்தன்.’ அவ்வளவுதான். கதை அச்சான வாரம் அவர் சோறு தண்ணி இல்லாமல் பயந்து கிடந்ததைப் பார்த்த பூரணிக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் பரிசுகள் வந்தன. சொல்ல வேளை வரவில்லை.

மாலையைக் கழற்றாமலே அவர் மேடையை விட்டு இறங்கி வந்தார்.

“அண்ணி… அன்னைக்கி அத அடுப்புல போடலையா?”

“வெறகு நல்லா காஞ்சிருந்துச்சு, தம்பி. தாளுக்கு வேல வரல.”