கூடத்துத் தரை

"நல்லா யோசிச்சுக்கக்கா. ஒண்ணுகூட விரிசல் விடல. இந்த மாதிரி டைல்ஸ் இப்ப தேடினாலும் கிடைக்காது."

உளியை முதல் டைலின் ஓரத்தில் வைத்துக்கொண்டு கொத்தனார் ஆலியோங் நிமிர்ந்து பார்த்தார். கடைவாயில் அடக்கியிருந்த பாக்கு அவர் பேச்சைக் கொஞ்சம் குழற வைத்தது.

இந்தத் தரை வேண்டாம், உடைத்துவிடுங்கள் என்றாள் சியூஹோங். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

முதல் அடி விழுந்தபோது, கழுவிக்கொண்டிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்த வெள்ளை டைல்ஸ்தான் வேண்டுமென்று ஒரு காலத்தில் அடம்பிடித்தவளே அவள்தான்.

அது அவள் பிறந்து வளர்ந்த வீடு. ஒரே மகள் என்பதால் கிங்சான் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தார். அப்போதெல்லாம் கடலோர ஊரான லூகாங்கில் அந்தத் தெரு முழுக்கச் செங்கல் பாவிய தரைதான். எத்தனை முறை துடைத்தாலும் துணியில் சிவப்பு ஏறும். மழைக்காலத்தில் தரை வியர்க்கும்.

அவள் அம்மா காலமான மறுவருஷம் சிப்பி வியாபாரம் கைகொடுத்தது. கிங்சான் கூடம் முழுக்க வெள்ளை டைல்ஸ் போட்டுக் கொடுத்தார். தெருப் பெண்கள் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்து வெறுங்காலோடு நடந்து பார்த்தார்கள். ஒருத்தி குனிந்து, தரையில் தன் முகம் பார்த்து முடியைச் சரிசெய்துகொண்டாள்.

எல்லாரும் போன பிறகு கிங்சான் கூடத்தின் நடுவில் மல்லாந்து படுத்தார். அவளையும் பக்கத்தில் வந்து படுக்கச் சொன்னார். முதுகு சில்லிட்டது. எதற்கென்று தெரியாமலே இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அந்தப் பளபளப்புதான் வினையாகிவிட்டது.

போன குளிர்காலத்திலிருந்து கிங்சான் வெளியே போய்விட்டு வந்தால் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறார். கூடத்தில் வெளிச்சம் மினுங்குவதைப் பார்த்து, கடல் ஏறிவிட்டது என்கிறார். சிப்பி எடுக்க இறங்குகிறவர் போல் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொள்கிறார். கையைப் பிடித்து அழைத்தால் நடுங்குகிறார். இது யார் வீடு, என்னை என் வீட்டில் கொண்டுபோய் விடு என்று அழுகிறார்.

பாய்களை விரித்துப் பார்த்தாள். இரண்டு பாய்களுக்கு நடுவே தெரிந்த கையகல வெள்ளையை அவர் தாண்டவில்லை.

அப்பாவை ஒரு வாரம் வைத்துக்கொள் என்று தாய்ச்சுங்கில் இருக்கும் மகள் பெய்யுனிடம் அனுப்பிவைத்தாள். அடுத்த தெருவில் இடித்துப்போட்ட ஒரு பழைய வீட்டின் செங்கற்களை வாங்கிவந்தாள். அம்மா இருந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே பாவித் தாருங்கள் என்றாள் ஆலியோங்கிடம். நல்ல தரையைப் பெயர்த்துவிட்டுப் பழைய கல்லைப் போடச் சொல்கிறாளே என்று அவர் முணுமுணுத்தார். ஆனாலும் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்துத்தான் பதித்தார்.

வேலை முடிந்ததும் அவளே மண்டியிட்டுத் துடைத்தாள். துணியில் சிவப்பு ஏறியது. நனைந்த செங்கல்லின் வாசனை எழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை பெய்யுன் காரில் அவரை அழைத்துவந்தாள்.

கிங்சான் வாசற்படியில் நின்றார்.

தரையைப் பார்த்தார். கால்சட்டையைச் சுருட்டவில்லை. முகம் மெல்லத் தெளிந்தது. சுவரை, உத்தரத்தை, உள்ளறைக் கதவை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வீடு அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

ஆனாலும் உள்ளே வரவில்லை. சட்டைக் காலரை இழுத்துவிட்டார். தலைமுடியைக் கையால் ஒதுக்கினார். கூடத்தில் நின்றவளைப் பார்த்துத் தலைகுனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அத்தை, சியூஹோங் இருக்காளா?"

பெய்யுன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சியூஹோங் கைகாட்டி அவளை நிறுத்தினாள்.

கல்யாணத்துக்கு முன்னால் இதே வாசலில் வந்து நின்று அவர் இதையேதான் கேட்பார். சிப்பி அள்ளுகிறவனுக்குப் பெண்ணைத் தருவதா என்றிருந்த அம்மா, ஒவ்வொரு தடவையும் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்துவாள். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு சியூஹோங் நின்றிருப்பாள்.

"இருக்கா," என்றாள் சியூஹோங். "செருப்பக் கழட்டிட்டு உள்ள வா, தம்பி."